ஆஃப்ரோடு குழுவுக்கு இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி: எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது?

லோரேஞ்ச்:
வணக்கம். மழை முடிந்ததும் குழுவுக்கு இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. 24 பேர், 11 வண்டிகள். ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளின் வகுப்புகள் நல்ல அடிப்படைதான். ஆனால் அந்தப் பாடத்திட்டம் ஊருக்குள் நடக்கும் விபத்தை மனதில் வைத்தது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டி வரும்வரை ஆளைப் பார்த்துக்கொள்வது அதன் சாரம். நாம் போகும் எஸ்டேட் தடங்களில் ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே இருக்கும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் நம் கணக்கு. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியரில்) அது ஒரு மணி நேரம், இருட்டிலும் சேற்றிலும் இரண்டு.

இப்போதைக்கு நான் போட்ட பட்டியல்: சிபிஆர், ரத்தப்போக்கு, எலும்பு முறிவு, பாம்புக்கடி, தூக்கிச் செல்வது. எந்த வரிசையில் எடுப்பது, எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? தெரிந்தவர்கள் வெட்டி ஒட்டுங்கள்.

அவசரப்பிரிவு:
வரிசையை மாற்றுங்கள். முதல் நாள் காலை ரத்தப்போக்கிலிருந்து தொடங்குங்கள், சிபிஆர் மதியத்துக்குப் போகட்டும். சிபிஆர் முக்கியமில்லை என்பதல்ல. அடிபட்டு ரத்தம் போய் இதயம் நின்றவரை மார்பை அழுத்தி மீட்பது மிக அரிது. ரத்தம் போகும்போதே நிறுத்துவது எளிது, அதை யாரும் செய்யலாம். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான் கெடு.

ஆளிடம் போனதும் பார்க்கும் வரிசை இது: கொட்டும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, அதிர்ச்சி நிலை (உடலுக்குப் போதுமான ரத்தம் ஓடாத நிலை), அதற்குப் பிறகு தலைக்காயமும் உடல் குளிர்வதும். உடல் குளிர்வதை நம் ஊரில் சிரித்துவிட்டுக் கடந்துபோவார்கள். ரத்தம் இழந்தவர் மலையில் ஈரத் தரையில் கிடந்தால் உடல் சீக்கிரம் குளிரும், குளிர்ந்த உடலில் ரத்தம் ஒழுங்காக உறையாது. மேலே போர்வை போட்டால் போதாது, அடியிலும் ஏதாவது விரிக்க வேண்டும். வண்டியின் ஃப்ளோர் மேட் போதும்.

கையோ காலோ என்றால் முதலில் நேரடி அழுத்தம். உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையை அதன்மேல் இறக்க வேண்டும். ஆழமான காயமானால் துணியை மேலே வைத்து அழுத்துவதில் பயனில்லை. காஸ் துணியை விரலால் உள்ளே, ரத்தம் வரும் இடம்வரை திணித்து, குழி நிரம்பியபின் அழுத்த வேண்டும். சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம், ரத்தம் உறைய வைக்கும் மருந்து பூசிய காஸ் என்றால் 3 நிமிடம். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உறைந்த ரத்தமும் அதோடு பிய்ந்து வந்துவிடும். இடுப்பு மடிப்பு, அக்குள், தோள் ஆகிய இடங்களில் டூர்னிகே (கையையோ காலையோ சுற்றி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) போட முடியாது, அங்கே திணிப்பதுதான் வழி. நெஞ்சிலும் வயிற்றிலும் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கம்பியையோ கிளையையோ பிடுங்கக் கூடாது, அசையாமல் சுற்றிலும் அணைகட்டிக் கொண்டுபோக வேண்டும்.

பயிற்சிக்கு: கனமான ஸ்பாஞ்ச் துண்டில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை போட்டு, அடியில் ஒரு டியூப் விட்டு, சிவப்புச் சாயத் தண்ணீரை ஒருவர் அமுக்கட்டும். திணிப்பு சரியாக இருந்தால் கசிவு நிற்கும், மேலோட்டமாக இருந்தால் ஓரத்தில் வழியும். இதைவிடச் செலவில்லாத ஆசிரியர் கிடையாது.

வின்ச்லைன்:
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வகுப்பை உடல் உறுப்பு வாரியாக எடுக்காமல், எந்தச் செயலில் எந்த அடி விழும் என்று எடுங்கள். நம்மாட்கள் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

ஹை-லிஃப்ட் ஜாக்: கைப்பிடி கை நழுவினால் மேல்நோக்கி அறையும். தாடை, பல், நெற்றி. கைப்பிடி சுற்றும் பாதையில் முகம் இருக்கவே கூடாது. ஜாக்கின் நகரும் பாகங்களுக்குள் விரல் மாட்டுவது அடுத்தது.

வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி): கையுறை இல்லாமல் எஃகுக் கம்பியைச் சுற்றும்போது உள்ளங்கையில் முள் முள்ளாகக் கிழியும். ஃபேர்லீடுக்குள் (கம்பி நுழையும் வழிகாட்டி வாய்) விரல் போனால் நசுங்கும், சில சமயம் துண்டாகும். ரிமோட்டைப் பிடித்திருப்பவருக்கும் கயிற்றை வழிநடத்துபவருக்கும் நடுவே கை சைகை ஒத்துப்போகாததுதான் முக்கால்வாசிக் காரணம்.

ஸ்னாட்ச் (மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி நீளும் ஸ்ட்ராப்பால் வெடுக்கென்று இழுப்பது): ஸ்ட்ராப் அறுந்தாலோ, டோ பால் (ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) பெயர்ந்தாலோ, இரும்பு ஷேக்கிள் (ஸ்ட்ராப்பை இணைக்கும் வளையம்) துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். டோ பாலை மீட்பு முனையாகப் பயன்படுத்துவது முற்றிலும் தடை. ரேட்டட் ரெகவரி பாயிண்ட் (தாங்கும் எடை குறித்த மீட்பு முனை), 4.75 டன் எழுதிய முக்கால் அங்குல போ ஷேக்கிள், முடிந்தால் கயிற்றாலான சாஃப்ட் ஷேக்கிள். கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஆட்கள் நிற்க வேண்டும்.

கவிழ்தல்: வண்டி சாயும்போது அனிச்சையாகக் கையை வெளியே நீட்டுவார்கள். ரோல் கேஜுக்கும் தரைக்கும் நடுவே கை. ஸ்டியரிங்கில் கட்டைவிரலை உள்ளே மடித்துப் பிடித்தால், கல்லில் சக்கரம் உதைக்கும்போது ஸ்டியரிங் சுழன்று விரலை முறிக்கும். உள்ளே கட்டாமல் கிடக்கும் ஜாக், ஜெர்ரிகேன், ஸ்பேனர் பெட்டி எல்லாம் தலைக்காயம்.

ரேடியேட்டர் மூடி: முகத்திலும் முன்கையிலும் சூட்டுக்காயம். பேட்டரி: கண்ணில் அமிலம்.

இந்த ஆறையும் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தே பயிற்சி பண்ணினால் பாதி வேலை முடிந்தது.

நாலுசக்கரம்:
டூர்னிகே விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மணி நேர வகுப்பில் உட்கார்ந்தவர் கையில் அதைக் கொடுத்தால் சின்ன வெட்டுக்கும் இறுக்கிவிடுவார். கால் போய்விடும். பழைய முதலுதவிப் புத்தகங்கள் எல்லாம் கடைசி வழி என்றுதானே சொல்கின்றன?

அவசரப்பிரிவு:
பழைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பிறகு அது மாறியது. ஒழுங்காகப் போட்ட டூர்னிகே இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டால் அதனால் மட்டுமே கால் போவது மிக அரிது. அதற்குமேல் போகப் போக ஆபத்து ஏறும். அப்போதும் களத்தில் நாமே தளர்த்தக் கூடாது, அந்த முடிவு மருத்துவமனையில். அவ்வப்போது தளர்த்தி ‘ரத்தம் ஓட விடுவது’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தளர்த்தலிலும் கொஞ்சம் ரத்தம் போகும், அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்து ஆளைக் கொல்லும்.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதியும் உண்டு. எப்போது போடுவது என்பதைச் சொல்லாமல் எப்படிப் போடுவது என்று மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். ரத்தம் பீய்ச்சினால், தரையில் குளமாகத் தேங்கினால், அழுத்தியும் துணி நனைந்துகொண்டே இருந்தால், கையோ காலோ துண்டானால் போடலாம். கசிவுக்கு வேண்டாம்.

போடும் இடம்: காயத்துக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. முழங்கால், முழங்கை மூட்டின்மேல் அல்ல, மூட்டு குறுக்கிட்டால் அதற்கு மேலே. பேன்ட் பாக்கெட்டில் சாவி, போன் இருந்தால் எடுத்துவிட வேண்டும். முதலில் பட்டையைக் கையாலேயே முடிந்தவரை இறுக்கி இழுக்க வேண்டும், பிறகுதான் குச்சியை முறுக்குவது. பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிட்டுக் குச்சியிலேயே எல்லா இறுக்கத்தையும் தேடுவதால்தான் பாதிப் பேருக்கு வேலை செய்வதில்லை. ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். பாதி இறுக்கம் மிக மோசம்: சிரை வழியாகத் திரும்பும் ரத்தம் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தப்போக்கு கூடும். வலி கடுமையாக இருக்கும். அலறுகிறாரே என்று தளர்த்தாதீர்கள். போட்ட மணியை நெற்றியிலோ டூர்னிகே பட்டையிலோ மார்க்கரால் எழுதுங்கள். ஒன்று போதவில்லையென்றால் அதற்குச் சற்று மேலே இன்னொன்று.

ஸ்டெரச்சர்:
டாக்டர் விட்டதை நான் சேர்க்கிறேன். ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்கு வரும் டூர்னிகே எல்லாம் பொம்மை. பிளாஸ்டிக் குச்சி முறுக்கும்போது வளையும் அல்லது உடையும், வெல்க்ரோ ஈரத்தில் விடும். பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் வேண்டாம். நிஜமானதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் அதைத் திரும்பப் பெட்டியில் போடாதீர்கள். முறுக்கி முறுக்கித் தேய்ந்தது தேவைப்படும் நேரத்தில் காலை வாரும். பயிற்சிப் பட்டையில் வேறு நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

இல்லாத இடத்தில்: முக்கோணத் துணியை நான்கு ஐந்து செ.மீ. அகலமாக மடித்து, வீல் ஸ்பேனர் கைப்பிடியோ கனமான ஸ்க்ரூடிரைவரோ குச்சியாக. கயிறு, வயர், கேபிள் டை, ஷூ லேஸ் வேண்டாம். தசையை அறுக்கும், தமனியை அடைக்காது. ராட்செட் ஸ்ட்ராப்பை யோசிக்கும் ஆட்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

குறுமிளகு:
கவிழ்ந்த வண்டிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். எல்லோரும் கதவைத் திறக்க ஓடுவார்கள், வண்டி இன்னும் அசைகிறதா என்று பார்க்க மாட்டார்கள். முதல் வேலை வண்டியை நிறுத்துவது. மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மரத்துக்கோ மற்றொரு வண்டிக்கோ ஸ்ட்ராப் கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, பிறகுதான் ஒருவர் உள்ளே கை விடலாம். இக்னிஷன் ஆஃப். டீசல் வண்டி கவிழ்ந்தால் சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடலாம், அப்போது இன்டேக் வழியை அடைப்பதுதான் வழி. கையை வைத்து அடைக்காதீர்கள், பலகையோ தடிமனான மேட்டோ வையுங்கள். தீயணைப்பான் கையில் ஒருவர் காற்றுவரும் பக்கம் நிற்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

தலைகீழாகப் பெல்ட்டில் தொங்குபவரை ‘பக்கிளை அழுத்துங்க’ என்று சொன்னால் கழுத்தில் விழுவார். உணர்வோடு இருந்தால் ஒரு கை கூரையில், கால்கள் டாஷ்போர்டில் முட்டுக்கொடுக்கச் சொல்லி, வெளியிலிருந்து ஒருவர் தோளையும் இடுப்பையும் தாங்கிய பிறகே பெல்ட். உடல் எடையில் பக்கிள் இறுகிவிட்டால் வெட்ட வேண்டும். மடியில் வரும் பட்டையைக் கடைசியாக வெட்டுங்கள். கட்டரை க்ளவ் பாக்ஸில் போட்டு வைப்பவர்களே, கவிழ்ந்த வண்டியில் க்ளவ் பாக்ஸ் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநரின் பெல்ட்டிலோ ஏ-பில்லரிலோ (முன்கண்ணாடி ஓரத் தூண்) இருக்க வேண்டும்.

நாலுசக்கரம்:
அக்கா, முதுகெலும்பு அடி சந்தேகம் இருந்தால் ஆளைத் தொடவே கூடாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? நீங்கள் வெளியே எடுக்கச் சொல்கிறீர்கள்.

ஸ்டெரச்சர்:
அக்கா பெல்ட்டில் தொங்குபவரைச் சொன்னார், அவரை அப்படியே விட முடியாது. பொதுவாக, நிதானமாக உட்கார்ந்திருப்பவரை அவசரமாக இழுக்காதீர்கள். நெருப்பு, தண்ணீர், வண்டி உருளும் ஆபத்து, மூச்சு நின்றது, உள்ளே வைத்து நிறுத்த முடியாத ரத்தப்போக்கு ஆகிய ஐந்துக்கும் உடனே எடுக்கலாம். மற்றதெல்லாம் பொறுமை.

உணர்வு இருந்தால் பேசுங்கள். ‘தலையை ஆட்டாதீங்க, வாயாலேயே பதில் சொல்லுங்க’ என்று எதிரே நின்று சொல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். இரு கையாலும் தலையை இருக்கிற நிலையிலேயே பிடிப்பது போதும். கடையில் விற்கும் கழுத்துப் பட்டையைப் பயிற்சியில்லாதவர்கள் மாட்டுவதை இப்போதைய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அதை மாட்டும் முயற்சியில்தான் கழுத்து அதிகம் அசைகிறது.

நினைவில்லாமல் மூச்சுவிடுபவரை மல்லாந்து கிடக்க விட்டால் நாக்கும் வாந்தியும் மூச்சை அடைக்கும். முதுகெலும்பு சந்தேகம் இருந்தாலும் மூச்சுப்பாதைக்கே முதலிடம். நான்கு பேர் சேர்ந்து கட்டை உருட்டுவதுபோல் ஒரே கணக்கில் ஒருக்களிக்க வேண்டும். எண்ணுபவர் தலையைப் பிடித்திருப்பவர் மட்டும். இதைப் புல்வெளியில் அல்ல, சரிவில், கல்லுக்கு நடுவே பயிற்சி செய்யுங்கள்.

வின்ச்லைன்:
ஜாக் நழுவி வண்டி ஆள்மேல் இறங்கினால்? காலை 15 நிமிடத்துக்கு மேல் நசுக்கியிருந்தால் எடுக்கக் கூடாது, டாக்டர் வரும்வரை காத்திரு என்று ஒரு கூட்டம் சொல்கிறது.

அவசரப்பிரிவு:
முதலுதவி அளவில் பதில்: எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுங்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வழிகாட்டுதலும் அதுதான். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலப்பது உண்மைதான். நேரம் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடுமே தவிரக் குறையாது. எடுப்பதற்கு முன் டூர்னிகே தயாராக இருக்கட்டும், தூக்கியதும் ரத்தம் கொட்டலாம். எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று எழுதி மருத்துவமனையில் கொடுங்கள், சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

துண்டான விரல் கேள்வியும் எப்படியும் வரும். ஈரப்படுத்திய காஸில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸில் நேரடியாகப் போட்டால் திசு செத்துவிடும். மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், மீட்பு வேலை தொடங்குமுன் கழற்றுங்கள்.

லோரேஞ்ச்:
சூட்டுக்காயத்துக்கு 20 நிமிடம் தண்ணீர் என்கிறார்கள். தடத்தில் குழாய் ஏது?

குறுமிளகு:
ஜெர்ரிகேன் 20 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெல்ல ஊற்றினால் சரியாக 20 நிமிடம். மூடியில் சின்ன ஓட்டை போட்ட பாட்டிலால் ஊற்றினால் இன்னும் சிக்கனம். ஓடைத் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதையே ஊற்றுங்கள், கிருமியை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பயன் உண்டு. ஐஸ், பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். பிறகு சமையலறை ப்ளாஸ்டிக் உறையைத் தளர்வாக மேலே போர்த்துங்கள், சுற்றி இறுக்காதீர்கள். பேட்டரி அமிலம் கண்ணில் பட்டாலும் அதே தண்ணீர், 20 நிமிடத்துக்குக் குறையாமல், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்கும் வழியும்.

தேரிமணல்:
மலையையே பேசுகிறீர்கள். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலிலோ கடற்கரை மணலிலோ ஓட்டுபவர்களுக்கு முதல் எதிரி வெயில். டயர் காற்றை இறக்கச் சோம்பல்பட்டுப் புதைந்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியோடு இறங்கும் ஆளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு இருந்தும் தெளிவாகப் பேசினால் நிழல், ஓஆர்எஸ், ஓய்வு போதும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அது வெப்பத்தாக்கு. உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே, அதனால் வெப்பத்தாக்கு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். உழைப்பால் வருவதில் வியர்வை இருக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, தார்ப்பாயாலோ ஃப்ளோர் மேட்டாலோ விடாமல் விசிறுங்கள். பாரசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். 200 மி.லி. டம்ளரில் பாதிப் பாக்கெட் என்று கலக்கினால் உப்பு கூடிவிடும். சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையில் உள்ள அளவைப் படியுங்கள்.

நாலுசக்கரம்:
பாம்புக்கடிக்கு அடியிலிருந்து மேல்வரை கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றச் சொல்லி வெளிநாட்டு வீடியோக்களில் வருகிறதே?

அவசரப்பிரிவு:
அது ஆஸ்திரேலிய முறை. அங்குள்ள பாம்புகள் பெரும்பாலும் நரம்பு விஷம், கடித்த இடத்தில் திசு அழிவு குறைவு. இங்கே கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்த இடத்தையே அழிக்கும், விஷத்தை அங்கே கட்டிவைத்தால் சேதம் கூடும். அந்தக் கட்டைச் சரியான இறுக்கத்தில் போடுவதும் எளிதல்ல. அதனால் இந்திய நெறிமுறை அதைப் பரிந்துரைப்பதில்லை. கயிறு, டூர்னிகே, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் எதுவும் கூடாது.

செய்ய வேண்டியது: பதற்றத்தைக் குறைத்து, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். மோதிரம், வாட்ச், கொலுசு, ஷூ கழற்றுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்குங்கள். கடித்த மணி, இமை தொங்கத் தொடங்கிய மணி, ஈறில் ரத்தம் வந்த மணி என்று வரிசையாக எழுதுங்கள். பாம்பைத் தேடிப் போகாதீர்கள், இங்குள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே வருகிறது. டென்ட் போடும் குழுக்கள் கட்டு விரியனை நினைவில் வையுங்கள். இரவில் கடிக்கும், வலியே இருக்காது, காலையில் வயிற்றுவலியும் இமைச்சரிவுமாகத் தெரியவரும். மூச்சு நின்றால் வாயோடு வாய் மூச்சு கொடுத்துக்கொண்டே போனால் பிழைக்கவைக்க முடியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் குட்டையான, மூக்கு தூக்கிய ஒரு குழிவிரியன் உண்டு, காபித் தோட்டச் சருகில் கிடக்கும். நான்கு பாம்பு மருந்து அதற்கு வேலை செய்யாது. அதனால் மருத்துவமனை வேண்டாம் என்று அர்த்தமில்லை, ரத்த உறைவையும் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பாம்புக்கடிக்கும் எந்த ரத்தக்காயத்துக்கும் இதே விதி. பாரசிட்டமால் மட்டும். 45 வயதைத் தாண்டிய ஓட்டுநருக்கு அடி எதுவும் படாமல் நெஞ்சு அழுத்தி வியர்த்தால் கதை வேறு. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தப்போக்கோ இல்லையென்றால் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

ஸ்டெரச்சர்:
தகவல் தொடர்புக்கு ஒரு மணி நேரம் வையுங்கள், எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். எல்லை மலைகளில் எந்த மாநில டவர் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே 108 போகும். போடிமெட்டு, சூரியநெல்லிப் பக்கம் நிற்பவருக்குக் கேரளத்தில் எடுக்கலாம். முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், வட்டம், பக்கத்து ஊர். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாயால் படியுங்கள். டேட்டா இல்லாமல் வாட்ஸ்அப் லொகேஷன் போகாது, எண்ணாகக் குறுஞ்செய்தி போய்விடும். ‘ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும்’ என்பது நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம்: செக்போஸ்ட், எஸ்டேட் ஃபேக்டரி, பேருந்து நிறுத்தம். அங்கே ஒரு வண்டியை முன்கூட்டியே அனுப்பி ஹசார்டு விளக்கு போட்டு நிற்க வையுங்கள்.

வாக்கி டாக்கியில் 446 மெகாஹெர்ட்ஸ் குறைதிறன் கருவிக்கு உரிமம் வேண்டாம். சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் இரண்டும் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

காயம்பட்டவரை ஒப்படைக்கும்போது நான்கு வரி போதும்: என்ன நடந்தது, எங்கே காயம், இப்போது எப்படி இருக்கிறார், நாம் என்ன செய்தோம், எல்லாம் மணியோடு. உதவி செய்தவரை வழக்கில் இழுப்பார்களோ என்ற பயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பதில் சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது.

வின்ச்லைன்:
ஆளை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதைக் காலை பிரீஃபிங்கில் முடிவு செய்யுங்கள். மூன்று கதவு மஹிந்திரா தாரின் பின்சீட்டில் ஒருவரைப் படுக்க வைக்க முடியாது. மாருதி ஜிம்னியில் முன்சீட் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிச் சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்து ஓரளவு நீளம் கிடைக்கும். பொலேரோ பிக்கப் இருந்தால் அதுவே நல்லது, அடியில் மெத்தை போட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து. அந்த வண்டியில் அன்று கனமான சாமான் ஏற்றாதீர்கள், வரிசையில் நடுவே ஓடட்டும்.

லோரேஞ்ச்:
பெட்டிக்கு வருவோம். வண்டிக்கு ஒன்றா, குழுவுக்கு ஒன்றா?

ஸ்டெரச்சர்:
இரண்டும். வண்டிக்கு ஒன்று சின்னது, ரத்தப்போக்குக்கு மட்டும்: டூர்னிகே 1, 15 செ.மீ. அழுத்தக் கட்டு 1, மடித்த காஸ் ரோல் 2, நைட்ரைல் கையுறை 2 ஜோடி, கத்தரி, மார்க்கர். ஹெட்ரெஸ்டின் பின்னால், ஓட்டுநர் சீட்டிலிருந்து எட்டும்படி, எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில்.

குழுப் பெட்டி ஒன்று அல்லது இரண்டு: முக்கோணத் துணி 6, 10 செ.மீ. கிரேப் 4, வளைத்துப் பயன்படுத்தும் அலுமினியச் சிம்பு 2, 500 மி.லி. சலைன் 2, புண் கழுவ 20 மி.லி. சிரிஞ்ச், ஃபாயில் போர்வை 2, சிபிஆர் முகக் கவசம், ஓஆர்எஸ் 10, பாரசிட்டமால், செட்டிரிசின் (ஒவ்வாமை மாத்திரை), ஆஸ்பிரின். பஞ்சைக் காயத்தில் நேரடியாக வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும்.

மூடிய வண்டி வெயிலில் நின்றால் டேப்பின் பசை உருகும், மாத்திரை கெடும், கையுறை ஒட்டிக்கொள்ளும். மருந்தை மட்டும் தனிப் பையில் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

அவசரப்பிரிவு:
தேனீ ஒவ்வாமை இருப்பவர் குழுவில் உண்டா என்று முன்பே கேளுங்கள். பாறையில் தொங்கும் மலைத்தேனீ கூட்டைக் கலைத்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு நகர்வதுதான் முதலுதவி. முகம் வீங்கி மூச்சு இழுத்தால் செட்டிரிசின் காப்பாற்றாது, தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் வேண்டும், பெரியவருக்கு 0.5 மி.கி. தானே குத்திக்கொள்ளும் பேனா இங்கே எளிதில் கிடைக்காது. அப்படிப்பட்டவர் தன் மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஊசி போடப் பழகி, தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். பொதுப் பெட்டியில் அல்ல.

லோரேஞ்ச்:
சரி, இப்படி மாற்றுகிறேன். முதல் நாள் காலை: ரத்தப்போக்கு, ஸ்பாஞ்ச், டூர்னிகே தனக்குத்தானே ஒற்றைக் கையால். மதியம்: சிபிஆர், நான்கு பேருக்கு ஒரு பொம்மை, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுத்துத் தொடங்குவது. மாலை: சூடு, வெயில், பாம்பு. இரண்டாம் நாள் காலை முழுக்கக் கவிழ்ந்த வண்டி, உருட்டல், சிம்பு. மதியம் தொடர்பும் ஒப்படைப்பும். பொழுது சாய்ந்தபின் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் ஒரு முழு ஒத்திகை: தடத்தின் நடுவிலிருந்து தார்ச்சாலைவரை.

குறுமிளகு:
ஒத்திகையில் தலைமை ஏற்பவர் ஆளைத் தொடக் கூடாது என்று விதி போடுங்கள் தம்பி. கை வைத்தவுடன் கண் காயத்திலேயே நின்றுவிடும், யார் போன் பண்ணினார்கள், யார் மணி எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆளிருக்காது. காயம்பட்டவராக நடிப்பது குழுத்தலைவர்தான் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். வழக்கமாக வழிநடத்துபவரே விழுந்தால் அடுத்தவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வின்ச்லைன்:
ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் டூர்னிகேவும் சிபிஆரும் மட்டும் திரும்பப் பண்ணுங்கள் லோரேஞ்ச். ஸ்பாஞ்சும் டியூபும் நான் கொண்டுவருகிறேன். சாயம் மட்டும் துணியில் ஒட்டாததாகப் பாருங்கள், போனமுறை வாங்கிய பாட்டில் சீட் கவரிலிருந்து இன்னும் போகவில்லை.